கோழிக்கடை இறகில் கொடுவாய்க்கு ஃபிளை: கேள்வி பதில்

வீணாகப் போகும் இறகு, முடி இவற்றைக் கொண்டு கொடுவாய் போன்ற கடல் மீனுக்கு ஃபிளை, அதாவது தூண்டில் முள்ளில் கட்டும் போலி இரை, கட்டுவது பற்றி வந்த கேள்விகளுக்கு என் பதில்கள்.

கோழியில் எந்த இறகை எடுக்கலாம்?

சேவலின் கழுத்திலும் முதுகின் கடைசியிலும் வரும் நீளமான, ஒடுங்கிய இறகுகளை எடுங்கள். தண்ணீரில் நெளிந்து ஆடுவது அவைதான். சிறகின் இறகு விறைப்பானது, சுழன்று தங்கூசியை (தூண்டில் நரம்பை) முறுக்கிவிடும். பிராய்லரை இறகு முற்றுவதற்குள் அறுத்துவிடுவார்கள், நாட்டுச்சேவல்தான் சரி. ஷாம்பு போட்டு அலசி, நிழலில் உலர்த்தி, அந்துருண்டையோடு மூடி வையுங்கள்.

மான் முடிக்குப் பதில் ஆட்டு முடி ஆகுமா?

தாராளமாக. வெளிநாட்டு ஃபிளைகளில் வருவது அமெரிக்க மானின் வால்முடி. நம் ஊர் மானின் முடியைத் தொடவே வேண்டாம், 1972 வனவிலங்குச் சட்டம் பாயும். ஆட்டு முடியை நூலால் இறுக்கினால் மான் முடிபோல விரியாது, ஒடுங்கியே கிடக்கும். நெத்திலி, சூடை மாதிரி மெலிந்த உருவத்துக்கு அதுவே நல்லது. கறிக்கடையில் வெள்ளாட்டு வாலைக் கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் சும்மாவே கொடுப்பார்கள்.

கொடுவாய்க்கு எப்படிக் கட்டுவது?

ஃபிளை தூண்டிலில் பேர்போன லெஃப்டி கிரே 1950களின் கடைசியில் அமெரிக்காவின் செசபீக் விரிகுடா மீன்களுக்காக உருவாக்கிய ‘டிசீவர்’ முறையைத்தான் சொல்வேன். 1991இல் அதற்கு அங்கே தபால்தலையே வெளியிட்டார்கள்!

முள் 1/0 அளவு, துருப்பிடிக்காத வகை. சின்னக் குறடு ஒன்றில் பிடித்துக்கொண்டு, தண்டு முழுக்கப் பாலியஸ்டர் நூலை நெருக்கமாகச் சுற்றுங்கள். தண்டின் பின்கோடியில் வெள்ளை இறகுகளைப் பக்கத்துக்கு மூன்றாக, வளைவுகள் ஒன்றையொன்று பார்க்கும்படி வைத்துக் கட்டுங்கள். அப்புறம் முன்பக்கம், தங்கூசி கட்டும் கண்ணுக்குச் சற்றுப் பின்னால், ஆட்டு முடியைச் சுற்றிலும் பரப்பிக் கட்டவேண்டும். இந்த முடி இறகின் அடிப்பகுதியைத் தாண்டிப் போகவேண்டும். இல்லையென்றால் வீசும்போது இறகு முள்ளில் சிக்கிக்கொள்ளும். முடிச்சின் மேல் ஒரு சொட்டு ஃபெவிக்விக்.

புதிதாகக் கட்டுகிற எல்லோரும் முடியை அள்ளி வைக்கிறார்கள். பக்கத்துக்கு ஒரு தீக்குச்சி கனம் போதும். கட்டியதும் வாளித் தண்ணீரில் இழுத்துப் பாருங்கள். உலர்ந்திருக்கும்போது நோஞ்சானாகத் தெரிவதுதான் நனைந்தால் மீனாகத் தெரியும்.

மஞ்சள்தூளில் சாயம் போடலாமா?

வெயிலில் வெளுத்துவிடும். கேசரிப் பவுடரும் வினிகரும் கலந்த வெந்நீரில் ஊறவையுங்கள், இறகு பிடித்துக்கொள்ளும். என்னைக் கேட்டால், கலங்கல் தண்ணீருக்குக் கறுப்பு, தெளிந்த தண்ணீருக்கு வெள்ளை, அவ்வளவுதான்.

மயில் தோகை?

தானாக உதிர்ந்தது என்றால் வைத்துக்கொள்ளலாம், வெளிநாட்டுக்கு அனுப்பக்கூடாது. முதுகுப்பக்கம் நாலைந்து இழை வைத்தால் பளபளப்பு வரும்.

ஃபிளை ராடு (ஃபிளை வீசும் தூண்டில் கோல்) இல்லை, சாதாரண ராடில் போடமுடியுமா?

எடையே இல்லாததால் தனியாகப் போகாது. ஓர் அடி முன்னால் சின்ன ஈயக்குண்டு கோர்த்து மெதுவாகச் சுற்றுங்கள். வற்றத்தில், கடல் தண்ணீர் வடிந்து இறங்கும்போது, ஓடைவாயில் போடுங்கள், கொடுவாய் அங்கேதான் காத்திருக்கும். சீலா மீன் திரிகிற இடமானால் முன்னால் கம்பி வேண்டும், பல் தங்கூசியை அறுத்துவிடும்.

பெட்டிக்குள் எல்லா முள்ளும் துருவேறிவிட்டது, ஏன்?

ஈரத்தோடு மூடியிருப்பீர்கள். நல்ல தண்ணீரில் அலசி, இரவு முழுக்க ஆறவிட்டு, மறுநாள் எடுத்து வையுங்கள்.