ஜாக்கி சான் கவசம் போட்ட பிறகு: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

ஜாக்கி சானின் சரித்திரப் படங்களைப் பற்றி யார் வேண்டுமானாலும் கேளுங்கள் என்று போன வாரம் சொல்லியிருந்தேன். ரங்கூனிலிருந்து மட்டுமல்லாமல் பெகு, தாட்டோன், மோல்மேன் என்று பல ஊர்களிலிருந்தும் கேள்விகள் வந்துவிட்டன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். வீடியோ கேசட் கடை வைத்திருந்த காலத்திலிருந்தே இவருடைய படங்களை விடாமல் பார்த்து வருகிறேன், அதனால் மனதில் பட்டதை அப்படியே எழுதுகிறேன். சில படங்களின் முடிவையும் சொல்லியாக வேண்டும். பார்க்காதவர்கள் அந்த இடங்களைத் தாண்டிப் போய்விடுங்கள்.

அண்ணே, ஏணியை வைத்துச் சண்டை போட்டு எங்களைச் சிரிக்க வைத்த மனுஷன் எப்போது இப்படி மாறினார்? ஒரே படத்திலா? (தாம்வேயிலிருந்து ஒரு கல்லூரித் தம்பி)

ஒரே படத்தில் இல்லை தம்பி. ஆனால் தொடங்கிய இடத்தைக் காட்ட முடியும். 2002, 2003 வாக்கில் 'தி டக்ஸிடோ', 'தி மெடாலியன்' மாதிரி ஹாலிவுட் படங்களில் நடித்துக்கொண்டிருந்தார். கயிறு கட்டித் தூக்குவதும் கணினி வித்தையும்தான் அவற்றில் அதிகம். அவருடைய உடம்பு செய்கிற வேலையைப் பார்க்கப் போனவர்களுக்கு அது கிடைக்கவில்லை. அப்புறம் ஹாங்காங் திரும்பி 2004-இல் 'நியூ போலீஸ் ஸ்டோரி' செய்தார். அப்போது அவருக்கு 50 வயது. தன் கண் முன்னால் தன் குழுவினர் கொல்லப்படுவதைத் தடுக்க முடியாத போலீஸ் அதிகாரி. குடித்துவிட்டுத் தெருவில் விழுந்து கிடக்கிறார், அழுகிறார். 1985-இல் வந்த முதல் 'போலீஸ் ஸ்டோரி'யில் பேருந்தில் குடை மாட்டித் தொங்கிய அதே ஆள்தானா இது என்று தோன்றும்.

அதற்கு அடுத்த வருஷம் 'தி மித்'தில் கவசம் போட்டார். 2009-இல் 'ஷின்ஜுகு இன்சிடென்ட்', 2010-இல் 'லிட்டில் பிக் சோல்ஜர்', 2011-இல் 'ஷாவ்லின்' மற்றும் '1911', 2015-இல் 'டிராகன் பிளேட்'. 2012-இல் கான் திரைப்பட விழாவில், இனி பெரிய ஆக்‌ஷன் படம் இல்லை என்று அவரே அறிவித்தார். அதன் பிறகும் ஆக்‌ஷன் படங்கள் வந்தன, அது வேறு விஷயம். ஆனாலும் அந்தப் பத்து வருஷமாக மனதில் ஓடியது என்னவென்று அந்த அறிவிப்பில் தெரிந்தது.

'தி மித்' படத்தில் வரும் தளபதி மெங் யி உண்மையில் இருந்தவரா? (பெகுவிலிருந்து ஒரு அக்கா)

பெயர் உண்டு அக்கா. பழைய சீனத்துக் குவின் பேரரசின் புகழ்பெற்ற தளபதி மெங் தியானின் தம்பி பெயர் மெங் யி. ஆனால் கொரிய இளவரசியோடு வரும் காதல், சாகாவரம் தரும் மருந்து எல்லாம் கற்பனை.

எனக்கு இந்தப் படத்தில் பிடித்தது வேறு ஒன்று. ஒரே படத்தில் இரண்டு ஜாக்கி சான் இருக்கிறார்கள். இந்தக் காலத்துக் கதையில் அவர் தொல்லியல் ஆராய்ச்சியாளர். ஹம்பியில் எடுத்த காட்சிகள், மல்லிகா ஷெராவத், அப்புறம் எலிப்பொறிப் பசை பூசிய பெல்ட்டின் மேல் கால் ஒட்டிக்கொண்டு போடுகிற அந்தச் சண்டை எல்லாம் பழைய ஜாக்கியின் கைவண்ணம். குவின் காலத்துக் கதையில் அவர் சிரிப்பதே அபூர்வம். வாளைப் பிடித்தால் எதிரே நிற்பவன் சாகிறான், தானும் சாகத் தயாராக நிற்கிறார். அந்தப் படத்துப் பாட்டையும் கதாநாயகி கிம் ஹீ-சன்னோடு சேர்ந்து அவரே பாடினார். இரண்டு பாதியும் சரியாக ஒட்டவில்லை என்பது என் கருத்து. ஆனால் பழைய வேலையை முழுசாக விட மனமில்லாமல் புதிய வேலையில் கால் வைக்கிற ஒரு நடிகரை அதில் பார்க்கலாம்.

'லிட்டில் பிக் சோல்ஜர்' அவ்வளவு பெரிய படமா மாமா? சண்டையே குறைவாக இருக்கிறதே. (மோல்மேனிலிருந்து இருவர் கேட்டது)

அவருடைய சரித்திரப் படங்களில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ளலாம் என்றால் இதைத்தான் நான் வைத்துக்கொள்வேன்.

சீனத்தில் நாடுகள் ஒன்றையொன்று விழுங்கிக்கொண்டிருந்த காலம். லியாங் படையும் வெய் படையும் மோதி, இரண்டு பக்கமும் கிட்டத்தட்ட எல்லாரும் செத்துவிடுகிறார்கள். பிணங்களுக்கு நடுவிலிருந்து ஒரு கிழட்டுச் சிப்பாய் எழுந்து வருகிறான். நெஞ்சில் அம்பு தைத்திருக்கிறது. அது பொய் அம்பு! செத்தவன் மாதிரி கிடப்பதற்காக அவனே செய்து மாட்டிக்கொண்ட பொறி. காயம்பட்ட எதிரித் தளபதி ஒருவன் உயிரோடு கிடப்பதைப் பார்க்கிறான். அவனைப் பிடித்துக்கொண்டு போய் ஒப்படைத்தால் கொஞ்சம் நிலமும் படையிலிருந்து விடுதலையும் கிடைக்கும். அவனைக் கட்டி இழுத்துக்கொண்டு ஊருக்குப் புறப்படுகிறான். கதை அவ்வளவுதான்.

இந்தக் கதையை ஜாக்கி சான் 20 வருஷம் கையில் வைத்திருந்தார். முதலில் இளம் தளபதி வேஷம்தான் தனக்கு என்று நினைத்திருந்தார். படம் தள்ளித் தள்ளிப் போனது. எடுக்கிற நேரம் வந்தபோது அந்த வேஷத்துக்கு வயது தாண்டிவிட்டது. தளபதி வேஷம் வாங் லீ-ஹாமுக்குப் போனது, இவர் சிப்பாய் ஆனார். டிங் ஷெங் இயக்கினார். படப்பிடிப்பு நடந்தது நமக்குப் பக்கத்திலேயே இருக்கிற யுனான் மாகாணத்தில். அந்த மலைகளைப் பார்த்தால் ஷான் மாநிலத்துப் பக்கம் போய்வந்தவர்களுக்கு அந்நியமாகவே தெரியாது.

சண்டை குறைவு என்கிறீர்கள். அந்தச் சிப்பாய் சண்டை போடத் தெரியாதவன் இல்லையா? கல்லெறிவான், ஓடுவான், ஒளிவான். அதைக் கவனித்துப் பாருங்கள். அவன் ஓடும்போது மூச்சு வாங்குவதும், குந்தி எழும்போது முழங்காலில் கை ஊன்றுவதும் 55 வயது மனிதனுடைய அசைவுகள். இருபது வருஷம் முன்னால் செய்திருந்தால் அதே ஓட்டம் வித்தையாக மட்டும் இருந்திருக்கும். இப்போது அந்த உடம்பைப் பார்த்தாலே அவன் எத்தனை போர்களில் தப்பியிருப்பான் என்று புரிகிறது. முடிவில் தளபதியை அவிழ்த்து விட்டுவிட்டு ஊருக்குப் போகிறான். ஊரை அதற்குள் குவின் படை பிடித்துவிட்டது. வாழ்நாள் முழுவதும் செத்தவன் மாதிரி நடித்துத் தப்பியவன், லியாங் கொடியைக் கையில் தூக்கிக்கொண்டு நிற்கிறான். கொல்லப்படுகிறான்.

பீகிங் ஓப்ரா பள்ளியில் சின்ன வயதிலேயே சேர்க்கப்பட்டுப் பத்து வருஷம் வளர்ந்தவர் அவர் என்பதையும் மறக்கக் கூடாது. அந்த மேடையில் முதியவர் வேஷத்துக்குத் தனிப் பயிற்சியே உண்டு. நடை, தாடியைத் தொடுகிற விதம், நிற்கிற விதம் எல்லாவற்றுக்கும் முறை இருக்கிறது. நம் ஊர் 'ஸாட் பொய்' என்கிற பர்மியக் கூத்தில் இளவரசனாகக் குதித்தாடிய மின்தா, அதாவது நாயக நடிகர், வயதான பிறகு, பாதிக் குதியலில் நிறுத்திவிட்டுக் கண்ணாலேயே மீதியை ஆடி முடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். அப்படியான தேர்ச்சிதான் இது.

எம்.ஜி.ஆர். 60 வயதிலும் இளவரசராக வாள் சுழற்றினார், நாங்கள் கைதட்டினோம். ஜாக்கி சான் மட்டும் ஏன் கிழவனாக வேண்டும்? (தன்லினிலிருந்து ஒரு பெரியவர்)

ஐயா, நீங்கள் சொல்வது சரிதான். 'மதுரையை மீட்ட சுந்தரபாண்டியன்' 1978-இல் வந்தபோது எம்.ஜி.ஆருக்கு 60. அதை நான் குறையாகச் சொல்ல மாட்டேன். 'மந்திரிகுமாரி', 'நாடோடி மன்னன்' காலத்திலிருந்தே மக்களுக்கும் அவருக்கும் ஓர் ஒப்பந்தம் இருந்தது: அவர் தோற்க மாட்டார், மூப்படைய மாட்டார். தியேட்டருக்குப் போனவர்கள் அதைத்தான் கேட்டார்கள், அவர் கடைசி வரைக்கும் கொடுத்தார்.

ஜாக்கி சானின் ஒப்பந்தம் வேறு. அவருக்கு அடிபடும், அடிபட்டால் வலிக்கும் என்பதுதான் முதலிலிருந்தே அவர் ரசிகர்களுக்குக் கொடுத்த வாக்கு. 'புராஜெக்ட் ஏ'யில் கடிகாரக் கோபுரத்திலிருந்து விழுந்தது உண்மை. 1986-இல் யூகோஸ்லாவியாவில் மரத்திலிருந்து விழுந்து மண்டை உடைந்ததும் உண்மை. வலியைக் காட்டியவர் வயதை மறைத்தால் அந்த வாக்கு பொய்யாகிவிடும். இன்னொரு பக்கம் சிவாஜியை எடுத்துக்கொள்ளுங்கள். 1967-இல் 'திருவருட்செல்வர்' படத்தில் முதிர்ந்த அப்பராக நின்றபோது அவருக்கு நாற்பதுகூட ஆகவில்லை. மூன்று பேரும் மூன்று வழி. மூன்றையும் ரசிக்கலாம் ஐயா, தடையில்லை.

'டிராகன் பிளேட்' படத்தில் ரோமானியப் படை சீன எல்லைக்கு வருகிறதே, அது வரலாறா? (மாண்டலேயில் ஆசிரியராக இருக்கும் ஒரு சகோதரி)

இது ஒரு ஊகத்தின் மேல் கட்டிய கதை சகோதரி. கி.மு. 53-இல் கார்ரே என்ற இடத்தில் பழைய பாரசீகத்தை ஆண்ட பார்த்தியர்களிடம் ரோமானியத் தளபதி கிராஸஸ் படுதோல்வி அடைந்தார். பிடிபட்டவர்களில் சிலர் கிழக்கே வந்து, கான்சூ மாகாணத்தில் லிச்சியன் என்ற ஊரில் குடியேறியிருக்கலாம் என்று ஹோமர் டப்ஸ் என்ற அறிஞர் எழுதினார். அந்த ஊர்க்காரர்களிடம் நடத்திய மரபணு ஆய்வு அதை உறுதிப்படுத்தவில்லை. பெரும்பாலான வரலாற்று அறிஞர்களும் ஏற்கவில்லை. படத்தில் பார்வை இழந்த சின்னப் பையனாக வரும் புப்லியஸ், வரலாற்றில் கிராஸஸின் மகன், வளர்ந்த படைத்தலைவன். கார்ரே போரிலேயே இறந்தவன். ஆகவே பள்ளிப் பிள்ளைகளுக்கு வரலாற்றுப் பாடமாகப் போட்டுக் காட்டிவிடாதீர்கள்.

நடிப்பு என்று பார்த்தால், ஜான் கியூஸாக்கும் ஏட்ரியன் பிராடியும் எதிரே நிற்க, ஜாக்கி சான் பட்டுப்பாதையைக் காக்கும் படையின் தலைவன் ஹுவோ ஆன். இனங்களுக்குள் சண்டை வேண்டாம் என்று எல்லாரையும் சமாதானப்படுத்துகிறவன். நல்லவன்தான், ஆனால் நல்லவனாக மட்டுமே இருக்கிறான். அவனுக்குப் பயமோ பேராசையோ கிடையாது. கிழட்டுச் சிப்பாயிடம் இரண்டும் இருந்தன. அதனால்தான் சுமார் 6.5 கோடி டாலர் செலவழித்து எடுத்த இந்தப் படத்தைவிட அந்தச் சின்னப் படம் எனக்கு மனதில் நிற்கிறது. ரோமானியர்களும் சீனர்களும் சேர்ந்து கோட்டைச் சுவர் எழுப்புகிற காட்சிகள் மட்டும் நன்றாக வந்திருக்கின்றன.

'1911' பார்த்தேன், பாதியில் தூக்கம் வந்துவிட்டது. தவறு என் மேலா? (ரங்கூன் மொகல் தெருவிலிருந்து)

உங்கள் மேல் இல்லை. சீனப் புரட்சியின் நூற்றாண்டுக்காக எடுத்த படம், அவருடைய 100-ஆவது படம் என்றும் விளம்பரம் செய்தார்கள். அவர் ஏற்றது ஹுவாங் ஷிங் என்ற புரட்சித் தளபதி. சன் யாட்-சென்னுக்கு வலது கையாக இருந்தவர், குவாங்சோ எழுச்சியில் இரண்டு விரல்களை இழந்தவர். எவ்வளவு நல்ல பாத்திரம்! ஆனால் திரையில் தேதிகளும் பெயர்களும் ஓடிக்கொண்டே இருக்கின்றன, மனிதரோடு உட்கார்ந்து பேச நேரமில்லை. சன் யாட்-சென்னின் இயக்கத்துக்கு இங்கே ரங்கூனிலும் கிளை இருந்தது என்பதால் நமக்கு ஒரு தனி ஆர்வம் வரலாம். அதற்காக ஒருமுறை பார்க்கலாம்.

அதே வருஷம் வந்த 'ஷாவ்லின்' படத்தில் அவருக்குச் சின்ன வேஷம்தான், மடத்துச் சமையல்காரர். நாயகன் ஆண்டி லாவ். தனக்குச் சண்டையே தெரியாது என்கிற அந்தச் சமையல்காரர், பெரிய வாணலியையும் மாவு பிசைகிற கையையும் வைத்து எதிரிகளைச் சமாளிப்பார். சில நிமிஷங்கள்தான். தளபதி வேஷத்தில் கிடைக்காத உயிர் அங்கே கிடைத்தது.

மலேசியாவில் வேலை பார்த்துத் திரும்பியவன் நான். 'ஷின்ஜுகு இன்சிடென்ட்' பார்த்து இரண்டு நாள் தூங்கவில்லை. அதைச் சரித்திரப் படத்தோடு சேர்ப்பீர்களா?

சேர்க்க முடியாது தம்பி, அது 1990-களில் நடக்கிற கதை. ஆனால் அந்தப் படம் இல்லாமல் பின்னால் வந்த சிப்பாய் இல்லை. டிராக்டர் பழுது பார்க்கிற ஒருவன் கள்ளத்தனமாக ஜப்பானுக்குப் போகிறான். சாக்கடை சுத்தம் செய்கிறான், போலீஸைக் கண்டால் ஓடுகிறான். குங்ஃபூ தெரியாது, அடிக்கத் தெரிந்தது எல்லாருக்கும் தெரிந்த அடிதான். ஊரிலிருந்து கூட வந்தவர்கள் ஒவ்வொருவராகக் கெட்டுப்போவதைப் பார்த்துக்கொண்டு நிற்கிற முகம் அது. வன்முறை அதிகம் என்பதால் சீனப் பெருநிலத்தில் வெளியாகவே இல்லை. தன் பெரிய சந்தையை இழந்தாலும் பரவாயில்லை என்று அவர் அதை வெட்டாமல் விட்டார். அந்தத் துணிச்சலுக்காகவே எனக்கு அவர் மேல் மரியாதை கூடியது.

இப்போது டூப் போடுகிறாராமே? 'ஏ லெஜெண்ட்' படத்தில் முகமே வேறு மாதிரி இருந்ததே. (தாட்டோன்)

டூப் அன்றைக்கும் உண்டு. அவருடைய சண்டைக் குழுவினர் சில ஷாட்களில் அவருக்குப் பதிலாக நின்றிருக்கிறார்கள். அதில் எனக்கு வருத்தமில்லை. 2024-இல் வந்த 'ஏ லெஜெண்ட்' வருத்தம் தந்தது. 'தி மித்' எடுத்த அதே ஸ்டான்லி டாங், மறுபடியும் பண்டைக்காலத் தளபதி. ஆனால் இந்த முறை செயற்கை நுண்ணறிவை வைத்து இன்னொருவர் உடம்பில் இவருடைய இளமை முகத்தை ஒட்டினார்கள். முகம் இருக்கிறது, மூச்சு இல்லை. ரசிகர்களும் கைவிட்டார்கள், வசூலும் விழுந்தது. அதற்கு முந்தைய வருஷம் 'ரைட் ஆன்' படத்தில் குதிரையோடு வாழும் வயதான ஸ்டண்ட்காரராக, நரைத்த தலையோடு வந்தார். அதைப் பார்த்து அழுதவர்கள் நிறைய.

என் பையனுக்குப் பத்து வயது. எதில் ஆரம்பிக்கலாம் அண்ணா? (பசுந்தாங்கிலிருந்து ஒரு தங்கை)

'புராஜெக்ட் ஏ' முதலில் போடும்மா. பழைய ஹாங்காங், கடற்கொள்ளையர், சிரிப்பு எல்லாம் இருக்கிறது. அப்புறம் 'லிட்டில் பிக் சோல்ஜர்'. கடைசி ஐந்து நிமிஷம் மட்டும் நீயும் பக்கத்தில் உட்கார்ந்திரு, கேள்வி கேட்பான். 'தி மித்' மூன்றாவதாக. 'ஷின்ஜுகு இன்சிடென்ட்' அவன் மீசை முளைத்த பிறகு பார்த்துக்கொள்ளட்டும். கரண்ட் இருக்கிற நேரம் பார்த்துப் போடு, சிப்பாய் கொடியைத் தூக்குகிற இடத்தில் நின்றுபோனால் பையன் உன்னைச் சும்மா விடமாட்டான்.