கர்ப்பத்தில் பெரிய சினைப்பைக் கட்டி: ஆபரேஷன் செய்யலாமா?

கேள்வி: முதல் கர்ப்பம், இப்போது 14-வது வாரம். வலது சினைப்பையில் 11 செ.மீ. டெர்மாய்டு கட்டி இருப்பதாக ஸ்கேனில் தெரிந்தது. 16-வது வாரத்தில் லேப்ராஸ்கோபி (வயிற்றில் சிறு துளைகள் போட்டுச் செய்யும் ஆபரேஷன்) செய்து எடுத்துவிடலாம் என்கிறார் மருத்துவர். பிரசவத்துக்குப் பிறகு எடுத்துக்கொள்ளக் கூடாதா? குழந்தைக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

பதில்: வயிற்றில் குழந்தை இருக்கும்போது ஆபரேஷன் என்றால் யாருக்கும் கலக்கமாகத்தான் இருக்கும். ஆனாலும் உங்கள் மருத்துவர் சொல்வது நல்ல யோசனை என்றே எனக்குப் படுகிறது.

கர்ப்பத்தின் தொடக்கத்தில் தென்படும் நீர்க்கட்டிகளில் பெரும்பாலானவை நான்காம் மாதத்துக்குள் தானாகவே சுருங்கிவிடும். அவற்றைத் தொடவே வேண்டாம். டெர்மாய்டு அப்படியல்ல. உள்ளே கொழுப்பும் முடியும் இருப்பதால் அது கரையாது. இவ்வளவு பெரிதாக இருந்தால் சினைப்பை முறுக்கிக்கொள்ளலாம், கட்டி வெடிக்கலாம், பிரசவத்தில் குழந்தை இறங்கும் வழியையும் மறிக்கலாம். நள்ளிரவில் அவசரமாகச் செய்வதைவிட, நாள் குறித்து நிதானமாகச் செய்வது உங்களுக்கும் குழந்தைக்கும் நல்லது.

16-வது வாரம் ஏன்? குழந்தையின் உறுப்புகள் உருவாகும் கட்டம் அதற்குள் முடிந்துவிடும். கர்ப்பத்தைத் தாங்கும் ஹார்மோனை நஞ்சுக்கொடியே சுரக்கத் தொடங்கியிருக்கும். கருப்பையும் இன்னும் அவ்வளவு பெரிதாகியிருக்காது. உள்ளே கருவியை நகர்த்த இடம் இருக்கும்.

ஆபரேஷனில் முதல் துளையைக் கருப்பையில் படாதபடி வழக்கத்தைவிட மேலே போடுவார்கள். கார்பன் டை ஆக்சைடு வாயுவைக் குறைந்த அழுத்தத்தில் செலுத்துவார்கள். கட்டியை மட்டும் உரித்தெடுத்து, ஒரு பைக்குள் போட்டு, உள்ளிருப்பதை உறிஞ்சிச் சுருக்கிய பிறகே வெளியே எடுப்பார்கள். டெர்மாய்டில் உள்ளது வயிற்றுக்குள் சிந்தினால் அழற்சி வரும் என்பதால்தான் இந்தக் கவனம். குழந்தையின் இதயத்துடிப்பை முன்னும் பின்னும் பார்ப்பார்கள். வழக்கமான அளவில் தரும் மயக்க மருந்துகளால் பிறவிக் குறை வருவதாக நிரூபணம் இல்லை. கருச்சிதைவு அபாயம் அறவே கிடையாது என்று சொல்ல மாட்டேன். ஆனால் இந்த வாரங்களில் அது குறைவு. வயிற்றைத் திறந்து செய்வதைவிட வலியும் குறையும், சீக்கிரம் எழுந்து நடக்கலாம். கர்ப்பத்தில் ரத்தம் எளிதில் உறையும் என்பதால் அந்த நடை முக்கியம்.

கர்ப்பிணிகளுக்கு லேப்ராஸ்கோபி செய்து பழகியவரா, சினைப்பையைக் காப்பாற்ற முடியுமா என்று உங்கள் மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள்.

அதுவரை திடீரென ஒரு பக்கமாகக் கடும் வலியும் வாந்தியும் வந்தால், குறித்த தேதிக்காகக் காத்திருக்காதீர்கள். எந்த நேரமானாலும் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். முறுக்கிய சினைப்பைக்கு ரத்தம் போகாது. தாமதித்தால் அதையே எடுக்க வேண்டிவரும்.