ஆங்கிலிக்கன் பள்ளியில் சாப்ளினுக்கு என்ன வேலை?

இங்கிலாந்துத் திருச்சபை மரபைச் சேர்ந்த ஆங்கிலிக்கன் பள்ளிகளில் சாப்ளின் என்ற பெயரில் தனியாக ஒரு குருவானவரை அமர்த்துவது எதற்காக, பிற மதத்து மாணவர்களுக்கு அவரால் பயன் உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் கிறிஸ்தவன் அல்லன். ஆயினும் அத்தகைய பள்ளி ஒன்றில் 14 ஆண்டுகள் கணித ஆசிரியராக இருந்தவன் என்ற முறையில், நேரில் கண்டதை வைத்துப் பதில் எழுதுகிறேன்.

வெளிப்படையாகத் தெரியும் பணிகள் எளியவை. காலை ஆராதனையை நடத்துவது, அப்பமும் திராட்சரசமும் பகிரும் திருவிருந்தை வழங்குவது, வேதபாட வகுப்பு எடுப்பது, ஞானஸ்நானம் பெற்றவர் தம் விசுவாசத்தை உறுதிப்படுத்தும் சடங்காகிய திடப்படுத்தலைப் பெற விரும்பும் மாணவர்களை ஆயத்தப்படுத்துவது ஆகியவை அவருடைய பொறுப்பு. திடப்படுத்தலை மட்டும் பேராயரே வந்து, தலைமேல் கைவைத்து ஜெபித்துச் செய்வார். இவற்றில் எதுவும் கட்டாயத்துக்காக இருக்கக் கூடாது என்பது என் கருத்து. தினசரிக் கூட்டு ஆராதனையைச் சட்டமாகவே வைத்திருக்கும் இங்கிலாந்தில்கூட, அந்தச் சட்டமே, பிள்ளையை அதிலிருந்து விலக்கிக்கொள்ளும் உரிமையைப் பெற்றோருக்கு அளித்திருக்கிறது.

ஆனால் பணியின் உயிர் வேறிடத்தில் இருக்கிறது. பள்ளியில் ஒரு பிள்ளை சந்திக்கும் பெரியவர்களில் அநேகமாக எல்லோருமே அவனை ஏதோ ஒரு வகையில் அளக்கிறார்கள்: நான் மதிப்பெண் போடுகிறேன், வகுப்பாசிரியர் வருகையைக் குறிக்கிறார், தலைமையாசிரியர் தண்டிக்கவும் நீக்கவும் அதிகாரம் உள்ளவர். இந்த அளவுகோல்கள் எதையும் கையில் வைத்துக்கொள்ளாமல் பள்ளிக்குள் நடமாடும் பெரியவர்தான் குருவானவர். சாப்ளின் என்ற சொல்லின் வேரும் இதற்கு இசைவாகவே இருக்கிறது. நான்காம் நூற்றாண்டில் வாழ்ந்த, இன்றைய பிரான்சிலுள்ள தூர் நகரத்துப் புனித மார்ட்டின், குளிரில் நடுங்கிய பிச்சைக்காரன் ஒருவனுக்குத் தம் மேலங்கியை வெட்டிப் பாதியைக் கொடுத்தார் என்பது மரபுக் கதை. அந்த அங்கியைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்தே அதைப் பாதுகாத்த குருமாருக்கும், அது வைக்கப்பட்ட சிற்றாலயத்துக்கும் பெயர் வந்தது.

நான் அருகிலிருந்து பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன், கிறிஸ்தவ மதத்தைச் சேராதவன், தந்தையைத் திடீரென இழந்துவிட்டுப் பள்ளிக்குத் திரும்பினான். என் வகுப்பில் பாடவேளை முழுவதும் ஒரே பக்கத்தைத் திறந்துவைத்திருந்தான். பாடம் புரிகிறதா என்று கேட்டதைத் தவிர எனக்கு வேறொன்றும் செய்யத் தெரியவில்லை. அன்று மதியம் குருவானவர் வந்து, ஞானப்பாட்டுப் புத்தகங்கள் பல கிழிந்து கிடக்கின்றன, ஒட்டுவதற்கு ஒரு கை தேவைப்படுகிறது என்று மட்டும் சொல்லி அவனை அழைத்துச் சென்றார். அந்த வாரம் முழுவதும் மதிய இடைவேளைகளில் இருவரும் சிற்றாலயத்துப் பின்னறையில் அமர்ந்து, பிரிந்த முதுகுகளில் பசை தடவி, துணிநாடா ஒட்டி, மேலே கனமான வேதாகமங்களை வைத்து அழுத்திக்கொண்டிருந்தார்கள். நான்காம் நாள், தந்தை கடைசியாக அழைத்தபோது தொலைபேசியைத் தான் வேண்டுமென்றே எடுக்கவில்லை என்பதை அவன் சொல்லியிருக்கிறான். இதைக் குருவானவர் என்னிடம் ஒருபோதும் சொன்னதில்லை. பல ஆண்டுகள் கழித்து என்னைப் பார்க்க வந்தபோது அவனே சொன்னான்.

எனினும், கேட்கும் எல்லாவற்றையும் மறைத்துவைப்பேன் என்று அவர் எந்தப் பிள்ளைக்கும் வாக்குக் கொடுக்கக் கூடாது. செய்த பாவங்களைக் குருவிடம் ஒப்புக்கொள்ளும் பாவ அறிக்கையின் இரகசியத்தைக் குருமார் காக்க வேண்டும் என்பது இங்கிலாந்துத் திருச்சபையின் 1603ஆம் ஆண்டு விதிகளிலேயே இருக்கிறது. ஆனால் பின்னறையில் நடக்கும் உரையாடல் பாவ அறிக்கை ஆகாது. ஒரு பிள்ளை துன்புறுத்தப்படுகிறது என்று தெரிந்தால், குழந்தைப் பாதுகாப்புப் பொறுப்பாளரிடம் அன்றே சொல்லியாக வேண்டும், சொல்லப் போகிறேன் என்பதைப் பிள்ளைக்கும் தெரிவிக்க வேண்டும். எங்கள் குருவானவர் இதைப் பேச்சின் தொடக்கத்திலேயே சொல்லிவிடுவார். அதனால் எவரும் பேசாமல் போனதாக நான் அறியேன்.

அவருடைய கவனிப்பு மாணவர்களோடு நின்றுவிடுவதும் இல்லை. துப்புரவுப் பணியாளர் ஒருவரின் தாயார் நோயுற்றிருந்ததை ஆசிரியர்களாகிய நாங்கள் மாதக்கணக்கில் அறியாதிருந்தோம். குருவானவரோ அந்த அம்மாவின் பெயரைச் சொல்லி நலம் விசாரித்துக்கொண்டிருந்தார்.

அதிகாரத்தையும் இந்தப் பணியையும் ஒருவரிடமே சேர்ப்பது சரியா என்ற கேள்வி பழையது. இங்கிலாந்தின் ரக்பி பள்ளித் தலைமையாசிரியர் தாமஸ் ஆர்னல்டு 1831இல் சாப்ளின் பொறுப்பையும் தாமே ஏற்றுக்கொண்டார். அவருடைய பிரசங்கங்கள் புகழ்பெற்றவை. பிரசங்கத்துக்கு அந்த ஏற்பாடு பொருந்தியிருக்கலாம். ஆனால் தவறு செய்துவிட்ட பிள்ளை, தண்டிக்கும் கையிடமே சென்று மனம் திறப்பது கடினம். நான் இருந்த பள்ளியிலேயே ஒரு பருவத்தில், ஆள் பற்றாக்குறையைக் காரணம் காட்டி, ஒழுங்குக் குழுவின் பொறுப்பைக் குருவானவரிடம் ஒப்படைத்தார்கள். அவர் மறுத்துப் பார்த்தார், நிர்வாகம் கேட்கவில்லை. அவர் எவரையும் கடிந்து பேசவில்லை, ஆராதனையிலும் எந்த மாற்றமும் இல்லை. ஆனால் சில வாரங்களில் மதிய இடைவேளையில் பின்னறைக்குப் பிள்ளைகள் வருவது நின்றுபோனது. அடுத்த பருவத்தில் அந்தப் பொறுப்பைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள்; முதல் மாணவி வந்து கதவைத் தட்டுவதற்கு அதன் பின்னும் இரண்டு மாதங்கள் ஆயின.