நீல மையில் ஒரு கோடை

அன்புள்ள அக்கா,

நாங்கள் பாஸ்டனுக்குப் பக்கத்தில் இருக்கிறோம். எங்கள் ஊர் நூலகத்தில் கோடையை ஒட்டி, சிறுவர் புத்தகப் படங்களின் அச்சுப் பிரதிகளை வைத்து ஒரு சின்னக் கண்காட்சி நடத்தினார்கள். பழம் பறிப்பது, படகு விடுவது, மரம் ஏறுவது என்று எல்லாமே குழந்தைகளின் விடுமுறைதான். ஒரு சுவர் முழுக்க ராபர்ட் மெக்ளாஸ்கி என்ற அமெரிக்கச் சிறுவர் கதைக்காரர் வரைந்த படங்கள். "இதெல்லாம் பெரியவர்கள் தங்கள் சின்ன வயசை நினைத்து ஏங்குவதற்காக வைப்பது, குழந்தைகளுக்கு இதில் என்ன இருக்கிறது?" என்றார் என் கணவர். எனக்கும் பாதி அப்படித்தான் பட்டது. ஆனால் எங்கள் ஏழு வயது மகள் ப்ளூபெர்ரி பறிக்கும் படத்தை விட்டு நகரவே இல்லை. "ஏம்மா எல்லாமே நீலமா இருக்கு?" என்று கேட்டாள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. இந்தப் படங்களை எப்படிப் பார்ப்பது? மறுபடியும் கூட்டிப்போகலாமா?

ஒரு வாசகி

*

அன்புள்ள தோழிக்கு,

கட்டாயம் கூட்டிப்போங்கள். இந்த முறை உங்கள் கணவரையும் சேர்த்து.

முதலில் மகளின் கேள்வி. அந்தப் படங்கள் 1948இல் வெளிவந்த 'ப்ளூபெர்ரீஸ் ஃபார் சால்' புத்தகத்தில் உள்ளவை. அந்தக் கால அச்சில் ஒவ்வொரு நிறத்துக்கும் தனித் தகடு வேண்டும். நிறம் கூடக் கூடச் செலவு ஏறும். அதனால் சிறுவர் புத்தகங்கள் பலவும் ஒரே மையில் வந்தன. மெக்ளாஸ்கியின் வாத்துக் குஞ்சுக் கதை (1941) முழுக்கப் பழுப்பு. இதில் கருநீலம். படம் மட்டுமல்ல, எழுத்தும் நீலம்தான். ப்ளூபெர்ரி பழத்தின் நிறத்திலேயே ஒரு புத்தகம் என்று மகளிடம் சொல்லிப் பாருங்கள், உடனே பிடித்துக்கொள்வாள்.

அடுத்து, ஏக்கம் என்ற விஷயம். உங்கள் கணவர் சொல்வதை ஒரேயடியாகத் தள்ளிவிட மாட்டேன். 'அந்தக் காலம் திரும்ப வருமா' என்று பெருமூச்சு விடுவதற்கென்றே வரையப்பட்ட கோடைப் படங்கள் எக்கச்சக்கமாக உண்டு. அவற்றில் குழந்தைகள் பொம்மைகளைப் போல அழகாக நிற்பார்கள். ஆனால் மெக்ளாஸ்கிக்கு அது பொருந்தாது. காரணம் எளிது: அது அவருடைய சின்ன வயதே அல்ல. அவர் பிறந்து வளர்ந்தது ஒஹையோ மாநிலத்தின் ஹாமில்டன் ஊரில். இந்தப் படங்களுக்குப் பின்னால் இருக்கும் மெய்ன் மாநிலக் கடற்கரைத் தீவு அவருக்குக் குடும்பஸ்தரான பிறகு வாய்த்த இடம். கதையில் வரும் சிறுமி சால் அவருடைய மூத்த மகள், 1945இல் பிறந்தவள். கதையில் வரும் அம்மா அவர் மனைவி பெக்கி. அவர் எதையும் நினைவிலிருந்து மீட்டு வரையவில்லை. கண்ணெதிரே ஓடிக்கொண்டிருந்த குழந்தையைப் பார்த்து வரைந்தார்.

பார்ப்பதில் அவர் பிடிவாதக்காரர். வாத்துக் கதைக்காக நியூயார்க்கில் தன் அறையில் நிஜ வாத்துகளை வாங்கி வளர்த்தார். ஸ்கெட்ச் நோட்டும் கையுமாக அவற்றின் பின்னால் தரையில் தவழ்ந்து திரிந்தார். அப்படிப்பட்டவர் சொந்த மகளை எப்படிப் பார்த்திருப்பார் என்று யோசியுங்கள்.

சரி, அந்தப் படங்களில் நடப்பது என்ன? இங்கேதான் கொஞ்சம் நின்று பார்க்கச் சொல்வேன். குன்றின் ஒரு பக்கம் அம்மாவும் சாலும். மறு பக்கம் தாய்க்கரடியும் குட்டியும். அம்மா பழம் பறிப்பது குளிர்காலத்துக்குப் பதப்படுத்தி வைக்க. தாய்க்கரடி தின்பது குளிர்காலத்துக்கு உடம்பில் கொழுப்பு சேர்க்க. இரண்டு தாய்களுக்கும் அது வேலை. சாலுக்கும் குட்டிக்கும் குளிர்காலம் பற்றி ஒரு கவலையும் இல்லை. அவள் மூன்று பழத்தைத் தகர வாளியில் போட்டுச் சத்தம் கேட்கிறாள், அப்புறம் எடுத்துத் தின்றுவிடுகிறாள். உட்கார்ந்து தின்றுகொண்டே பின்தங்கிப்போகிறாள். குட்டியும் அதே போல. கடைசியில் ஆள் மாறி, சால் தாய்க்கரடியின் பின்னாலும் குட்டி சாலின் அம்மா பின்னாலும் போகிறார்கள்.

அட்டையைத் திறந்ததும் உள்பக்கத்தில் ஒரு சமையலறை இருக்கும். கண்காட்சியில் அதை வைத்திருக்கிறார்களா என்று தேடுங்கள். விறகடுப்பு, கண்ணாடி ஜாடிகள், பழத்தை ஜாடியில் அடைத்துக்கொண்டிருக்கும் அம்மா. பக்கத்தில் சால், ஜாடி மூடிக்கான வளையங்களை வைத்து விளையாடிக்கொண்டிருக்கிறாள். எனக்கு மொத்தப் புத்தகத்திலும் மிகப் பிடித்த படம் இதுதான். அம்மாவுக்கு அது விடுமுறையே இல்லை என்பதையும் மெக்ளாஸ்கி மறைக்கவில்லை, பாருங்கள்.

1952இல் வந்த 'ஒன் மார்னிங் இன் மெய்ன்' புத்தகத்திலும் இதே கதைதான். அப்பா சேற்றில் சிப்பி தோண்டுகிறார். மதியச் சூப்புக்கு வேண்டும். உதவ வந்த சாலின் ஆடும் பல் விழுந்து சேற்றில் தொலைகிறது. பிறகு பாலும் மளிகையும் வாங்கத் துறைக்குப் போக வேண்டும்; மோட்டார் கிளம்பாததால் அப்பா துடுப்பு போடுகிறார். குழந்தைக்கென்று ஏற்பாடு செய்த பொழுதுபோக்கு ஒன்றுகூட இல்லை. பெரியவர்கள் தங்கள் பாட்டுக்கு வேலை பார்க்கிறார்கள், குழந்தை பக்கத்தில் நிற்கிறது, பாதி வேலையைக் கெடுக்கிறது. கோடை என்று நாம் கொண்டாடுவது அப்படிப் பக்கத்தில் நிற்கும் நேரத்தைத்தான் என்று நான் நம்புகிறேன். இன்றைய சம்மர் கேம்ப் அட்டவணையில் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் ஏதாவது உண்டு, இது மட்டும் இல்லை. உங்கள் மகள் அந்தப் படத்தின் முன் நின்றது பழைய காலத்தைப் பார்த்து அல்ல. தன்னைவிடச் சின்னவள் ஒருத்தி, அம்மாவின் கூடவே இருந்துகொண்டு, தன் இஷ்டத்துக்கு இருப்பதைப் பார்த்து.

கண்காட்சியில் இ. ஹெச். ஷெப்பர்ட் இருந்தால் அவரிடமும் நில்லுங்கள். 'வின்னி த பூ' என்ற கரடிக் கதைகளுக்கு வரைந்தவர். அவரும் இங்கிலாந்தின் ஆஷ்டவுன் காட்டுக்கே போய் மரங்களைப் பென்சிலில் வரைந்து வந்தவர்தான். பாலத்தின் ஒரு பக்கம் குச்சியைப் போட்டுவிட்டு, மறு பக்கம் எது முதலில் வருகிறது என்று பார்க்கும் விளையாட்டு அந்தக் கதைகளாலும் அவர் படங்களாலும்தான் உலகப் புகழ் பெற்றது. மூன்று பேர் பாலத்திலிருந்து தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருக்கும் அந்த மூல ஓவியம் 2014இல் லண்டன் ஏலத்தில் 3,14,500 பவுண்டுக்குப் போனது. சும்மா ஆற்றைப் பார்த்துக்கொண்டிருப்பதற்கு இவ்வளவு மதிப்பு கிடைத்தது எனக்கு மனதார சந்தோஷம்.

அச்சுப் பிரதியோடு நின்றுவிட வேண்டாம். உங்கள் மாநிலத்திலேயே ஆமெர்ஸ்ட் ஊரில் 2002இல் தொடங்கிய எரிக் கார்ல் அருங்காட்சியகம் இருக்கிறது. படப் புத்தகங்களின் மூல ஓவியங்களுக்கென்றே கட்டியது. 2016இல் மெக்ளாஸ்கியின் ஓவியங்களை அங்கே வைத்தார்கள். தாளில் தீட்டிய வண்ணம் வெளிச்சத்தில் மங்கும் என்பதால் படங்களை மாற்றிக்கொண்டே இருப்பார்கள். போகும் முன் எது காட்சியில் இருக்கிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள். அழித்த கோடும், வெள்ளை பூசித் திருத்திய இடமும் மூல ஓவியத்தில்தான் கண்ணுக்குப் படும். குழந்தைகள் அதைச் சட்டென்று கண்டுபிடித்துவிடுவார்கள்.

இன்னொன்று. மகள் நிச்சயம் பழம் பறிக்கப் போகலாம் என்பாள். உங்கள் பக்கத்துத் தோட்டங்களில் பெரும்பாலும் ஆள் உயரச் செடிதான். படத்தில் இருப்பது மெய்ன் காட்டு ரகம், முழங்காலுக்குக் கீழேதான் வளரும். அதனால்தான் சால் செடிக்கு நடுவே உட்கார்ந்தே தின்ன முடிகிறது. மெய்ன் வரை போக முடிந்தால் ஆகஸ்டில் போங்கள். போய்வந்து அவள் ஏதாவது வரைந்தால், எந்த நிறத்தில் இருந்தாலும் எனக்கு அனுப்பிவையுங்கள்.

அன்புடன்,
அக்கா