புது உமிக் கூளம் ஒரு கிழமை கழித்து மணப்பது ஏன்?

கோழிக்கூட்டில் புது உமி பரப்பி முதல் கிழமை மணமில்லை, பிறகு கூட்டுக்குள் போனால் கண்ணெரிகிறது, எச்சத்தைச் சிதைக்கும் பற்றீரியாவின் நொதியம் தூண்டப்பட, அதாவது அதன் மரபணு முடுக்கப்பட்டு நொதியம் உருவாக, அவ்வளவு நாள் எடுக்குமா என்று கேட்கிறீர்கள். உயர்தர உயிரியல் படிக்கிறவர் போல. வீட்டில் கோழியும் நிற்கிறது. நொதியத்தின் மீது பழியைப் போடாதீர்கள். தூண்டல் நிமிடங்களில் தொடங்கி மணிக்கணக்கில் நிறைவேறும் வேலை.

எச்சத்தின் வெள்ளைப் பகுதி யூரிக் அமிலம். ஒரு மூலக்கூற்றில் 4 நைதரசன். யூரிக்கேசு என்ற நொதியம் ஒட்சிசனைக் கொண்டு அதன் ஒரு வளையத்தை உடைக்க, சில படிகளில் அலன்டொயின் என்ற பொருள் வரும். அடுத்த நொதியமான அலன்டொயினேசு மற்ற வளையத்தையும் திறந்து அலன்டொயிக் அமிலமாக்கும். அதிலிருந்து பற்றீரியா இனத்தைப் பொறுத்து யூரியாவோ, கண்ணெரிக்கும் அமோனியா நேரேயோ வரும். யூரியாவை யூரியேசு என்ற நொதியம் அமோனியாவாக உடைக்கும்.

பசிலசு சப்ரிலிசு என்ற பற்றீரியாவில் இந்த நொதியங்களுக்கான மரபணுக்களைப் புக்ஆர் என்ற புரதம் முடுக்குகிறது. அதற்கு அலன்டொயிக் அமிலம், அலன்டொயின், யூரிக் அமிலம் போன்றவை சைகை. சைகை மட்டும் போதாது. குளுற்றமின் என்ற அமினோ அமிலம் போன்ற நல்ல நைதரசன் மூலம் கைவசம் இருந்தால் மரபணுக்கள் அடங்கிக் கிடக்கும். எல்லா இனமும் இப்படியல்ல என்று சண்டைக்கு வரவேண்டாம், தெரியும்: காற்றில்லாத ஈர அடியில் குளொஸ்ரிடியம் என்ற பற்றீரியாக்களில் சில, யூரிக்கேசே இல்லாமல் பியூரினை (யூரிக் அமிலம் சேர்ந்த வகை) நொதிக்கவைக்கும். தனியார் வகுப்புகளில் தூண்டல் என்றால் லக்டோசு ஒபரோனோடு (பாற்சர்க்கரையைச் சிதைக்கும் மரபணுத் தொகுதி) கதை முடிந்துவிடுகிறது. வினாத்தாளில் வராததை யார் படிப்பிப்பார்கள்?

தாமதத்துக்குக் காரணம் வேறு. ஆலையிலிருந்து வந்த உமி காய்ந்தது, அதில் யூரிக் அமிலமும் இல்லை, அதைத் தின்னும் பற்றீரியாவும் குறைவு. எச்சம் சேரச் சேர இரண்டும் பெருகும். ஈரப்பதன் 30 சதவீதத்தைத் தாண்டினால் வேகம் பிடிக்கும். கூடவே பிஎச் (அமில, காரத் தன்மையின் அளவு) ஏறும்: 7 இல் அமோனியாவில் ஏறக்குறைய 0.5 சதவீதமே வாயு, 9 இல் மூன்றிலொன்று. மூக்குக்கு எட்டுவது அந்த வாயுதான்.

ஆகவே மணக்கிறது என்று கோழி நிற்கும்போதே சுண்ணாம்பு தூவுவது நெருப்பில் எண்ணெய். ஈரக் கூளத்தில் பிஎச்சை ஏற்றி, அடங்கியிருந்த அமோனியாவையும் வெளியே தள்ளும். கூளத்தைக் கைக்குள் இறுக்கிப் பாருங்கள்: உருண்டையாகவே நின்றால் ஈரம் கூட, விரித்ததும் உதிர்ந்தால் சரி. தண்ணீர்ப் பாத்திரத்தடியில் கட்டிபட்டதை அள்ளிவிட்டு காய்ந்த உமி போடுங்கள், நாளாந்தம் கிளறுங்கள், மாரியில் சாரல் அடிக்கும் பக்கத்தை மறையுங்கள், ஆனால் மேலே காற்று போக இடம் விடுங்கள். சுண்ணாம்பு, கோழியை விற்றுக் கூளத்தை அள்ளிய பிறகு வெறும் நிலத்துக்கு.