லேப்டாப்ல தெரியுது, நெட்ல தெரியல!

கேள்வி: அண்ணா, நான் ராயபுரம், காலேஜ் செகண்ட் இயர். எங்க ஏரியா பத்தி முதல் தடவையா ஒரு வெப்சைட் பண்ணேன், காசிமேடு ஹார்பர், 1856ல ரயில் ஓட ஆரம்பிச்ச நம்ம ஸ்டேஷன் எல்லாம் நானே போட்டோ எடுத்து வச்சேன். லேப்டாப்ல நல்லா தெரியுது, ஆனா ஃப்ரீ ஹோஸ்டிங்ல ஏத்தினா போட்டோ ஒண்ணும் வரல, தமிழும் கிறுக்கலா வருது. ஏன்?

பதில்: தம்பி, முதல்ல கைய குடு, நம்ம ஏரியாவ நம்மளே எழுதணும்னு தோணுச்சே, அதுவே எனக்கு அவ்ளோ சந்தோஷம். போட்டோ ஃபைல் பேர பாரு, கேமரா வச்ச பேர்ல கடைசி ஜேபிஜி பெரிய எழுத்துல இருக்கும், நீ கோட்ல சின்ன எழுத்துல அடிச்சிருப்ப, விண்டோஸ் ரெண்டையும் ஒண்ணாதான் பாக்கும், ஆனா நெட்ல சைட்ட வச்சிருக்கிற கம்ப்யூட்டர், அதான் சர்வர், நிறைய லினக்ஸ்ல ஓடுது, அதுக்கு அது வேற இது வேற. அதனால எல்லா பேரையும் சின்ன எழுத்துக்கு மாத்து, நடுவுல ஸ்பேஸ் விடாத. இன்னொண்ணு, சி டிரைவ்னு ஆரம்பிக்கிற அட்ரஸ் கோட்ல எங்கயாவது இருந்தா தூக்கிடு, அது உன் லேப்டாப்புக்கு மட்டும்தான் தெரியும்.

தமிழுக்கு, ஹெட் டேக் உள்ள முதல் வரியா மெட்டா சார்செட் யுடிஎஃப்-8னு (தமிழ் மாதிரி எழுத்துகள கம்ப்யூட்டர்ல சேமிக்கிற முறை) போட்டு, ஃபைலையும் யுடிஎஃப்-8லயே சேவ் பண்ணு. லேப்டாப்ல ஃபைல தொறக்கும்போது பிரவுசர் தானா கண்டுபிடிச்சிருக்கும், நெட்ல வர்ற பேஜுக்கு நாமதான் சொல்லணும்.

அப்புறம் போன்ல எடுத்த போட்டோ 4 எம்பி இருக்கும், 200 கேபி அளவுக்கு சுருக்கி ஏத்து, ஹார்பர்ல நின்னு கம்மி சிக்னல்ல பாக்குறவங்களுக்கும் தொறக்கணும்ல. சரியானதும் லிங்க் அனுப்பு தம்பி, நான் பாக்கணும்.