அம்மனுக்கு நன்றி சொல்ல மாட்டேன் என்கிறார்

வணக்கம் அம்மா. நாங்கள் மும்பை தாராவியில் இருக்கிறோம். சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். என் வீட்டுக்காரர் குடியை விட்டு ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. சந்தோஷமாக இருக்க வேண்டிய நான் தினமும் அழுகிறேன்.

அவர் குடித்துக் கிடந்தபோது இருக்கன்குடி மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டேன். திருந்தினால் அவருக்கு மொட்டை போட்டு, நான் அக்னிச்சட்டி எடுக்கிறேன் என்று. இப்போது கூப்பிட்டால் வர மாட்டேன் என்கிறார். "என்னைக் காப்பாத்தினது டாக்டரும் மீட்டிங்கும்தான், உன் அம்மன் இல்லை" என்று என் அம்மா முன்னாலேயே சொன்னார். அந்த வார்த்தை இன்னும் ஜீரணமாகவில்லை. சயானில் நடக்கிற ஏஏ மீட்டிங்குக்கு, அதாவது குடியை விட்டவர்கள் கூடிப் பேசுகிற ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டத்துக்கு மட்டும் வாரம் தவறாமல் போகிறார். அங்கேயும் பிரார்த்தனை உண்டாம். கேட்டால், "அவங்க கும்பிடறப்ப நான் சும்மா நிப்பேன்" என்கிறார். வீட்டில் விளக்கேற்றினால் எழுந்து போய்விடுகிறார். செவ்வாய், வெள்ளி விரதம் இருப்பது நான். அவர் வைத்த வட்டிக் கடனை இட்லி விற்று அடைத்தது நான். குடித்தால் வாந்தி வருமே, அந்த மாத்திரையைக்கூட அசதியாக இருக்கிறது என்று நிறுத்திவிட்டார். நான்தான் பழைய சீட்டைக் காட்டி மெடிக்கலில் வாங்கி, பொடி செய்து சாம்பாரில் கலந்துவிடுகிறேன், அவருக்குத் தெரியாது. இவ்வளவு செய்தும் என் நம்பிக்கைக்கு மரியாதை இல்லை. நேர்த்திக்கடன் தீராவிட்டால் அம்மன் கோபத்தில் மறுபடி குடிக்க ஆரம்பித்துவிடுவாரோ? சாமி கும்பிடாத மனுஷன் எத்தனை நாள் தாங்குவார்? அவரைக் கோவிலுக்கு வரவைக்க வழி சொல்லுங்கள்.

பெயர் வேண்டாம், தாராவி

அன்புத் தங்கைக்கு,

கோவில் பேச்சை அப்புறம் வைத்துக்கொள்வோம். சாம்பாரில் கலக்கிறீர்களே, அதை இன்றோடு நிறுத்துங்கள்.

மாத்திரையின் பெயரை நீங்கள் எழுதவில்லை. நீங்கள் சொல்வதைப் பார்த்தால் டைசல்பிராமாகத்தான் இருக்க வேண்டும். மது உடம்புக்குள் போனதும் அசிட்டால்டிஹைடு என்கிற நச்சாக மாறும். கல்லீரல் அதை முறித்துவிடும். இந்த மாத்திரை அப்படி முறிக்க விடாது. முகம் சிவக்கும், நெஞ்சு படபடக்கும், வாந்தி வரும், ரத்த அழுத்தம் சரியும். உயிரே போவதும் உண்டு. தெரிந்து சாப்பிடுகிறவர் அந்தப் பயத்தில் கிளாஸைத் தொட மாட்டார். தெரியாமல் சாப்பிடுகிறவருக்கு அந்தக் காவல் ஏது? ஆல்கஹால் கலந்த இருமல் சிரப்கூட ஒத்துக்கொள்ளாமல் போகும். கல்லீரலையும் இது பாதிக்கலாம் என்பதால் டாக்டர்கள் ரத்தப் பரிசோதனை பார்த்துக்கொண்டேதான் கொடுப்பார்கள். அவர் சொன்ன அசதி டாக்டர் காதுக்குப் போயிருக்க வேண்டிய விஷயம்.

கடைசி மாத்திரைக்குப் பிறகும் இரண்டு வாரம் வரை அதன் வேலை உடம்பில் இருக்கும். அதனால் சத்தமில்லாமல் நிறுத்திவிட்டு மறைக்கவும் முடியாது. அவரிடம் நீங்களே சொல்லுங்கள். கோபப்படுவார், அதில் நியாயம் இருக்கிறது. தனியாகச் சொல்லப் பயமென்றால் நாளைக்கே இருவரும் டாக்டரிடம் போய், அங்கே வைத்துச் சொல்லுங்கள். மாத்திரை அட்டையையும் கொண்டு போங்கள்.

அவருக்கு நம்பிக்கை இல்லை என்கிறீர்கள். அம்மன் குணமாக்கினாள் என்று முழுசாக நம்புகிறவர் மாத்திரையை ஏன் பொடிக்க வேண்டும்? உங்களுக்கு அவள் மேலும் முழு நம்பிக்கை வரவில்லை, அவர் மேல் சுத்தமாக வரவில்லை. இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. கதவைத் தட்டுகிற சத்தத்தை வைத்தே இன்றைக்கு எவ்வளவு குடித்திருக்கிறார் என்று கணக்குப் போட்டுப் பழகிய மனசு, அவர் நிறுத்தியதும் தானும் நிறுத்திவிடாது.

நேர்ந்தது நீங்கள், மொட்டை அவர் தலைக்கு. அவரைக் கேட்கவில்லை. அவர் சாப்பாட்டில் மருந்து போட்டதும் அப்படித்தான், கேட்காமல். சட்டி உங்களுடையது, போய் மனதார எடுத்துவிட்டு வாருங்கள். தாயென்று கும்பிடுகிறவள் ஒரு மொட்டைக்காகப் பிள்ளையைக் குடிக்க வைப்பாள் என்று நினைக்காதீர்கள். உங்கள் அம்மா முன்னால் அவர் அப்படிப் பேசியது தவறுதான். அந்த வருத்தத்தை அவரிடம் நேராகச் சொல்லுங்கள், கோவிலை நடுவில் வைக்காமல்.

சாமி கும்பிடாதவர் தாங்க மாட்டார் என்பது உண்மையில்லை. ஏஏ 1935இல் அமெரிக்காவில் தொடங்கியது. குடியிலிருந்து மீள்வதற்கென்று 1939இல் அச்சான அதன் பன்னிரண்டு படிகளிலேயே, கடவுளை அவரவர் புரிந்துகொண்ட விதத்தில் என்றுதான் இருக்கிறது. 1975இல் சிகாகோவில் கடவுள் நம்பிக்கை இல்லாதவர்கள் தங்களுக்கென்றே ஒரு ஏஏ குழு தொடங்கினார்கள். 1994இல் வந்த ஸ்மார்ட் ரிகவரி என்கிற இன்னொரு மீட்புக் குழுவில் கடவுள் பேச்சே கிடையாது. பக்தியால் மீண்டவர்களும் நிறைய உண்டு. உங்கள் வீட்டுக்காரருக்குத் தன் கதை தெரிந்த நாலு பேர் வேண்டியிருக்கிறது. வீட்டில் விளக்கேற்றினால் எழுந்து போகிறவர், அங்கே பிரார்த்தனை முடியும்வரை நிற்கிறார். அங்கே அவரை யாரும் கும்பிடச் சொல்வதில்லை என்பதால்தான் அவரால் நிற்க முடிகிறது.

உங்களுக்கும் அப்படி நாலு பேர் வேண்டும். குடிநோயாளிகளின் குடும்பத்தாருக்கென்று அல்-அனான் கூட்டங்கள் மும்பையிலும் நடக்கின்றன. ராத்திரி பயம் தாங்காமல் போனால் அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, இலவசம்தான், தமிழிலும் பேசலாம். அவருக்குப் போட்ட திட்டமெல்லாம் போதும்; இந்த வாரம் உங்களுக்காக ஒரு கூட்டத்துக்குப் போய் உட்காருங்கள்.